கடலடியில் வந்த சோதனை

ஒரு நாட்டைத் தாக்கினால் அனைவரையும் தாக்கியதாகும் என்பது நேட்டோவின் வாக்குறுதி. ஆனால் எது தாக்குதல்?

2024 கிறிஸ்துமஸ் தினம். பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே கடலடியில் செல்லும் எஸ்ட்லிங்க் 2 மின்சார கேபிள் திடீரெனச் செயலிழந்தது. கூடவே நான்கு தொலைத்தொடர்பு கேபிள்களும் சேதமடைந்தன. சந்தேகம் விழுந்தது, அந்த வழியே சென்ற ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பல் மீது. கப்பலில் பறந்தது குக் தீவுகளின் கொடி. உள்ளே இருந்தது ரஷ்யத் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கு. பின்லாந்து அதிகாரிகள் ஹெலிகாப்டரில் போய்க் கப்பலில் இறங்கினார்கள். கடலடியில் பல கிலோமீட்டர் தூரத்துக்கு நங்கூரம் இழுபட்ட தடம் கிடைத்தது.

கேப்டன் மீதும் இரு அதிகாரிகள் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அவர்கள் குற்றத்தை மறுத்தனர். 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சேதம் நடந்தது பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே. எனவே விசாரிக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்றது.

குண்டு வெடிக்கவில்லை. யாரும் சாகவில்லை. விபத்தா, நாசவேலையா என்பதற்கும் தீர்ப்பில் விடை இல்லை. உலகின் மிகப் பெரிய ராணுவக் கூட்டணியை இன்று திணறடிப்பது இத்தகைய சம்பவங்கள்தான்.

1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்டு உருவானது நேட்டோ. இன்று உறுப்பினர்கள் 32. அதன் உயிர்நாடி ஐந்தாவது ஷரத்து. உறுப்பு நாடு ஒன்றின் மீதான ஆயுதத் தாக்குதல், எல்லா நாடுகள் மீதும் நடந்த தாக்குதலாகவே கருதப்படும். ஆனால் அதற்காக எல்லோரும் துப்பாக்கி தூக்க வேண்டும் என்று ஷரத்து சொல்லவில்லை. தேவை என்று தான் கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கலாம். போர்ப் பிரகடனம் செய்யும் தன் நாடாளுமன்றத்தின் உரிமையை விட்டுக்கொடுக்க அமெரிக்கா தயாராக இல்லாததால் வந்த நெகிழ்வு இது.

காகிதத்தில் மட்டும் இருக்கும் ஒப்பந்தத்தின் மதிப்பு என்ன என்பது பாகிஸ்தானுக்குத் தெரியும். 1954இல் சீட்டோ அமைப்பிலும் 1955இல் பாக்தாத் ஒப்பந்தத்திலும் அது சேர்ந்தது. 1965இல் இந்தியாவுடன் போர் மூண்டபோது, அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத சப்ளையை நிறுத்தியது. கம்யூனிஸ்ட் ஆக்கிரமிப்புக்கு மட்டுமே சீட்டோவின் கடமை பொருந்தும் என்று ஆரம்பத்திலேயே அமெரிக்கா எழுதிவைத்திருந்தது. 1977இல் சீட்டோவும், 1979இல் சென்டோ என்று பெயர் மாறியிருந்த பாக்தாத் கூட்டணியும் சத்தமில்லாமல் கலைந்தன.

நேட்டோ பிழைத்திருப்பதற்குக் காரணம், அதன் வாக்குறுதிக்குப் பின்னால் படைகள் நிற்பதுதான். ஒருங்கிணைந்த தலைமை, கூட்டுப் பயிற்சி, ஒருவர் மண்ணில் இன்னொருவர் படை. சொந்தமாகப் போர் விமானம் இல்லாத எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியாவின் வானத்தை 2004 முதல் மற்ற நாடுகளின் விமானங்கள் முறை வைத்துக் காவல் காக்கின்றன. லித்துவேனியாவில் ஜெர்மனி ஒரு முழு பிரிகேடையே நிரந்தரமாக நிறுத்திவருகிறது. அங்கே தாக்கினால் முதல் நாளே பல நாட்டு வீரர்கள் மீது கை வைத்ததாகிவிடும். எதிரியை யோசிக்கவைப்பது இதுதான். 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததும், ரஷ்யாவுடன் 1,340 கி.மீ. எல்லை கொண்ட பின்லாந்தும், இரு நூற்றாண்டுகளாகப் போர்க் கூட்டணிகளுக்கு வெளியே நின்ற ஸ்வீடனும் நேட்டோவின் கதவைத் தட்டியதற்கும் இதுவே காரணம்.

டாங்கிப் படை எல்லை தாண்டினால் என்ன செய்வது என்று நேட்டோவுக்குத் தெரியும். அறுந்த கேபிளுக்கும், வழிதவறியதாகச் சொல்லப்படும் டிரோனுக்கும் என்ன பதில்? 2007இல் எஸ்டோனியாவின் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் கம்ப்யூட்டர் தாக்குதலால் முடங்கின. கம்ப்யூட்டர் தாக்குதலும் ஐந்தாவது ஷரத்துக்குள் வரலாம் என்று நேட்டோ அறிவிக்க 2014 வரை ஆயிற்று.

இப்போது வேகம் கூடியிருக்கிறது. கேபிள்கள் அறுந்த சில வாரங்களில், 2025 ஜனவரியில், பால்டிக் கடலில் தனிக் கண்காணிப்பு தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ரஷ்ய டிரோன்கள் போலந்துக்குள் நுழைந்தபோது, போலந்து விமானங்களுடன் நெதர்லாந்தின் எப்-35 விமானங்களும் எழுந்து சிலவற்றைச் சுட்டு வீழ்த்தின. போலந்து ஐந்தாவது ஷரத்தைத் தொடவில்லை. அவசர ஆலோசனைக்கு வழிசெய்யும் நான்காவது ஷரத்தையே நாடியது. சில நாட்களில் கிழக்கு எல்லை முழுவதற்கும் காவல் பலப்படுத்தப்பட்டது.

ஆனால் கணக்கு உதைக்கிறது. மலிவான டிரோனை வீழ்த்த விலை உயர்ந்த ஏவுகணையைச் செலவிட்டால், வீழ்த்தியவருக்கே நஷ்டம். 2025 ஜூனில் தி ஹேக் நகரில் கூடிய தலைவர்கள், 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க ஒப்புக்கொண்டார்கள். இதில் 3.5 சதவீதம் நேரடி ராணுவச் செலவு. மீதி 1.5 சதவீதம் பாலங்கள், கம்ப்யூட்டர் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. ஸ்பெயின் மட்டும் இவ்வளவு முடியாது என்று விலக்குக் கேட்டது.

பணத்தைத் திரட்டிவிடலாம். ஒருமித்த முடிவைத் திரட்டுவதுதான் கஷ்டம். ஐந்தாவது ஷரத்து இதுவரை ஒரே ஒரு முறைதான் அமலானது: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், அமெரிக்காவுக்காக. கோபுரங்கள் சரிந்ததை உலகமே பார்த்திருந்த அந்த வழக்கிலும், தாக்குதல் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான் என்று உறுதியாகி முடிவு நிலைபெற அக்டோபர் 2 வரை ஆயிற்று. நண்பனான ஸ்வீடனை உள்ளே விடவே, துருக்கியும் ஹங்கேரியும் முட்டுக்கட்டை போட்டதால், 2022 மே முதல் 2024 மார்ச் வரை 22 மாதங்கள் பிடித்தன.

கடலடியில் நங்கூரத்தை இழுத்துச் செல்லும் கப்பல் அவ்வளவு நேரம் தராது. யார் செய்தது என்று கண்டறியவும், அதை 32 தலைநகரங்களும் ஒப்புக்கொள்ளவும் ஆகும் நாட்கள் எவ்வளவு குறைகின்றனவோ, அவ்வளவுக்குத்தான் எஸ்டோனியா போன்ற சிறிய நாடுகளுக்கு இந்தக் கூட்டணி கவசம்.