அப்பாவின் கோப்பைக்குத் திரும்பி வந்த வெள்ளைச் சோறு

அப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்து பதினைஞ்சு வருசம். ஹோம்புஷில் எங்கட வீட்டுக் குசினியில் இருந்து வெள்ளை அரிசி எப்பவோ வெளியேறிவிட்டது. இரவில் குரக்கன் புட்டு. சனிக்கிழமை ஃப்ளெமிங்டன் சந்தையில் வாங்கும் வற்றாளங்கிழங்கும் மரவள்ளியும் காலைச் சாப்பாட்டுக்கு. நல்லதுதான் செய்கிறோம் என்று இருந்தோம்.

பிறகு ஒரு இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் பலவீனமாகி இருப்பதும் பொட்டாசியம் கூடியிருப்பதும் தெரிந்தது. எங்கள் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்த டயட்டீஷியன், "வெள்ளைச் சோறு கொடுக்கலாமே" என்றா. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

விசயம் இதுதான். மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற வேணும். அது முடியாமல் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே குழம்பலாம். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் பொட்டாசியம் சுமார் 35 மில்லிகிராம்தான். அதே அளவு அவிச்ச உருளைக்கிழங்கில் 300-ஐத் தாண்டும். குரக்கன் மாவிலும் அரிசி மாவைவிடச் சில மடங்கு கூட. சீனிக்கு நல்லதென்று நாங்கள் தேடிப் பிடித்ததெல்லாம் இந்தக் கணக்கில் மறுபக்கம் நின்றது. அதற்காகச் சோற்றை அள்ளிப் போடவும் ஏலாது, சீனி வருத்தம் எங்கும் போய்விடவில்லை. இப்ப அளவுக் கப் ஒன்று அரிசி டப்பாவுக்குள்ளேயே கிடக்கு.

கிழங்கை முழுக்க விட வேண்டியதில்லை. தோல் சீவி, சின்னத் துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணியில் அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திவிட்டால் உருளைக்கிழங்கின் பொட்டாசியம் ஏறக்குறைய பாதியாகும். சும்மா ஊறவைத்தால் பெரிதாகக் குறையாது. மரவள்ளியை நஞ்சுக்குப் பயந்து அவிச்சுத் தண்ணி ஊத்துவது அம்மாவுக்குப் பழக்கம்தான். ஆனால் உருளைக்கிழங்கை நேரே கறிக்குள் போடுவா. வெளியேறும் பொட்டாசியம் எங்கே போகும்? குழம்புக்குள்தான். இப்ப தனியாக அவிச்சு வடித்த பிறகே கறிக்குப் போகுது. ஒடியல் கூழுக்கு மட்டும் வழியே இல்லை, அதில் தண்ணிதானே சாப்பாடு! அப்பாவுக்கு அதுதான் பெரிய கவலை.

பக்கெட்டுகளையும் திருப்பிப் பாருங்கோ. தானியத்தில் இயற்கையாக இருக்கும் பொஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் உடம்பு எடுக்கும். சேர்க்கப்பட்ட பொஸ்பேற்றை அநேகமாக முழுசாகவே எடுத்துவிடும். செல்ஃப் ரெய்சிங் மா பக்கெட்டில் 341, 450 என்ற எண்கள் அடிக்கடி இருக்கும், அவை பொஸ்பேற்றுகள்தான். சோடியம் குறைந்த உப்பில் 508 என்று கண்டால் அது பொட்டாசியம் குளோரைட். பிரஷருக்கு நல்லதென்று நான்தான் அதை வாங்கிக் கொண்டுவந்தனான்.

ஒன்று கவனம். சிறுநீரக வருத்தம் உள்ள எல்லாருக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. ஆரம்ப நிலையில், பொட்டாசியம் சரியாக இருப்பவருக்குக் கிழங்கையும் குரக்கனையும் வீணாக நிறுத்தாதேங்கோ. இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேணும். நீண்டகால வருத்தத்துக்கு ஜிபி ஒரு திட்டம் எழுதித் தந்தால், டயட்டீஷியன் போன்றவர்களிடம் வருசத்துக்கு மொத்தம் 5 முறை வரை மெடிகேர் கழிவோடு போகலாம்.

போகும்போது வீட்டு மா பக்கெட்டுகளையும் அப்பாவின் கோப்பையின் படங்களையும் கொண்டுபோங்கோ. எங்களுக்குத் தந்த அச்சுத் தாளில் பாஸ்தா இருந்தது, புட்டு இல்லை. அடுத்த முறை இராசவள்ளிக்கிழங்குப் படத்தோடு போகிறோம். மாதத்தில் ஒரு நாள் அரைக் கப்பாவது கிடைக்குமா என்று அப்பா கேட்கச் சொல்லியிருக்கிறார்.