நூறு பேர் கொடுக்காத ரூபாய்

சென்ற மாதம் ஒரு பொதுக்கூட்டம் முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். மேடைக்கு இடப்புறம் ஒரு பெஞ்சின்மேல் புத்தகங்களை அடுக்கி வைத்து உட்கார்ந்திருந்தார் ஒரு தோழர். பஞ்சாலையில் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். ஆலை வாழ்வை எழுதி, சேமிப்பில் கைவைத்து, தாமே 500 படிகள் அச்சிட்டிருக்கிறார். நாம் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் பதினேழு பேர் வந்தார்கள்; புரட்டினார்கள்; "அருமை, தோழர்!" என்றார்கள். வாங்கியவர்கள் மூன்றே பேர். "எனக்கு ஒரு அன்பளிப்புப் பிரதி கிடையாதா?" என்று கேட்டவர்கள் ஐந்து பேர். அந்த ஐவரில் இருவர் கையில் அப்போதுதான் காசு கொடுத்து வாங்கிய கடலைப் பொட்டலம்!

அந்தக் காட்சியைக் கண்டபோது நமக்குக் கடையம் நினைவுக்கு வந்தது.

தென்காசிக்குப் பக்கத்து ஊர். 1920 ஜூன் மாதம். புதுவையில் பத்தாண்டு மறைவு வாழ்க்கை, பிறகு கடலூர்ச் சிறை, அதற்கும் பிறகு மனைவியின் ஊரில் வந்து தங்கியிருந்த பாரதியார், அங்கிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றுக் கடிதம் அனுப்பினார். பிச்சை கேட்கும் கடிதமன்று அது. கணக்கெழுதிய தொழில் திட்டம். தாம் எழுதியவற்றையெல்லாம் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள், ஆக நாலு இலட்சம் படிகள் அச்சிடுவது. தொடக்க முதல் 20,000 ரூபாய். பணம் தருவோருக்கு முத்திரை ஒட்டிய கடன் பத்திரம். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் எப்படி வீடுதோறும் போகின்றனவோ, அப்படித் தம் புத்தகங்களும் போகும் என்று உறுதியாக நம்பினார்.

மாதம் இரண்டு என்றால் ஆண்டுக்கு இருபத்து நான்கு! வட்டிக்கடை வைத்திருப்பவனும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளக்கூடிய வட்டி. தம் எழுத்தைத் தாமே அச்சிட்டுத் தாமே விற்கும் உரிமைக்காக அவ்வளவு கொடுக்கச் சித்தமாயிருந்தார் அந்த மனிதர்.

கனவு என்பார்கள் சிலர். சென்னை மாகாணத்தில் அன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறக்குறையப் பத்தில் ஒருவர். நாலு இலட்சம் படிகளை யார் வாங்குவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊர் ஊராக எடுத்துச் செல்லக் கடையும் இல்லை, முகவரும் இல்லை, பின்னே நிற்க ஓர் அமைப்பும் இல்லை. நாற்பதை விட்டு நாலில் தொடங்கியிருக்கலாம் என்பதே நம் எண்ணமும். ஆனால் அவர் அனுபவமற்றவர் அல்லர். 1907இல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் மாற்று முகாம் மிதவாதி, அவருடைய பாடல்களை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாகப் பரப்பியதைக் கண்ணால் கண்டவர். 1908இல் 'ஸ்வதேச கீதங்கள்' நூலைத் தாமே வெளியிட்டவர். 1911இல் தம்முடைய 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டுக்கும் வெள்ளை அரசு தடை போட்டதையும் அனுபவித்தவர்.

தமிழில் முன்பணம் திரட்டிப் புத்தகம் போடுவது புதிதும் அல்ல. 1887இல் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் கையொப்பக்காரர்களைச் சேர்த்துத்தான் அச்சுக்கூலி கொடுத்தார். அவருக்கு மடமும் செல்வரும் துணை வந்தார்கள். சர்க்காரின் பகைவனுக்குக் கையெழுத்துப் போட எந்தச் செல்வர் வருவார்?

ஆளுக்கு 200 ரூபாய் தர நூறு பேர் இருந்திருந்தால் அந்த 20,000 சேர்ந்திருக்கும். சேரவில்லை. பாட்டைக் கேட்டுக் கைதட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்த நாடு இது! அவ்வாண்டின் இறுதியில் அவர் மறுபடி சென்னைக்கு வந்து 'சுதேசமித்திர'னில் சம்பளத்துக்கு அமர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தார், வயது 38.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1931இல் அவருடைய நூல்களின் உரிமை முழுதும் பாரதி பிரசுராலயத்துக்குப் போனது. விலை 4,000 ரூபாய். அவர் கேட்ட முதலில் ஐந்தில் ஒரு பங்கு! பிரசுராலயத்தை நடத்தியவர்கள் உறவினரும் அன்பருமே. நூல்களைப் பரப்பவும் செய்தார்கள். அவர்களை நாம் குறைகூறவில்லை. ஆனால் இசைத்தட்டில் பாடும் உரிமை தனியே விலை போயிற்று. ஒரு வியாபாரியிடமிருந்து படமுதலாளியிடம் போனது. நாடு விடுதலையடைந்த பிறகும், பாரதி பாட்டு யாருடைய சொத்து என்று படக்காரர்களிடையே வழக்கு! ஊரெல்லாம் கிளர்ச்சி எழுந்தபின் 1949இல் ஓமந்தூரார் அரசு உரிமையை வாங்கியது. யாரும் அச்சிடலாம் என்ற நிலை 1955இல்தான் வந்தது.

இனி நம் பஞ்சாலைத் தோழருக்கு வருவோம். அவரே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு படிக்கு அடக்கம் 70 ரூபாய். ஆக, போட்ட முதல் 35,000. விலை 150. கடையில் கொடுத்தால் நூற்றுக்கு நாற்பது கழிவு போக 90 வரும். அதுவும் விற்ற பிறகு, பலமுறை நடந்த பிறகு. அந்த வழியில் 389 படிகள் விற்றால்தான் போட்ட பணம் திரும்பும். கூட்டத்தில் நேரே நம் கைக்கு விற்றால் 234 போதும். இன்று ஐம்பது படி மட்டும் அச்சிட்டுத் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன; பரணில் கட்டுக்கட்டாய் அடுக்கிக் கரையானுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தாலொழிய உரிமையும் அவரை விட்டுப் போகாது. அவர் வாழ்நாளும் அதன்மேல் அறுபதாண்டும் சட்டப்படி அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும்தான். எல்லாம் இருக்கிறது, வாங்குகிற 234 பேர்தான் வேண்டும். ஒரு மாவட்டத்தில் நமக்கு எத்தனை கிளைகள் என்பதைத் தோழர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது புத்தகத்தையும் எழுதி முடித்துவிட்டாராம். இந்தத் தடவை அச்சகத்துக்குப் போகுமுன்பே முன்பணம் கட்டுவோர் பெயரெழுத ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறார். நாம் பார்த்தபோது அதில் நான்கு பெயர்கள் இருந்தன. ஐந்தாவதாக நம் பெயரை எழுதி, 150 ரூபாய் கட்டிவிட்டு வந்தோம்.