கழிவுநீர் ஆலைக்குப் போவது எப்படி?
சென்னையில் குடிநீர் தருவதும் கழிவுநீரை அகற்றுவதும் 1978-இல் அமைந்த ஒரே வாரியம்தான். இரண்டும் ஒரே கையில் இருப்பது எவ்வளவு நல்லது என்பதற்குக் கோயம்பேட்டில் உள்ள கழிவுநீர் மறுசுழற்சி ஆலை சாட்சி.

சரிவாகப் பதித்த குழாய்களில் ஓடிவரும் கழிவுநீரை உந்து நிலையங்கள் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றுகின்றன. அங்கே தொட்டிகளில் காற்றைச் செலுத்துவது ஏன்? அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். தின்று பெருகியவை திரண்டு சேறாகப் படியும். அதில் ஒரு பங்கை மறுபடி தொட்டிக்கே விடுவார்கள். பாக்டீரியாப் படை குறையக்கூடாதே! மீதிச் சேறு காற்றுப் புகாத கலனில் செரித்து மீத்தேன் தரும்.

நீர் தெளிந்தாலும் கரைந்த உப்பு போகாது. அதற்குத்தான் எதிர் சவ்வூடுபரவல்: மிகுந்த அழுத்தத்தில் சவ்வு வழியே நீரைத் தள்ளினால் உப்பு பின்தங்கும். நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள கோயம்பேடு ஆலையின் நீர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளுக்கு. அந்த அளவு நன்னீர் வீடுகளுக்கு மிச்சம்.