ஒரு பேராசிரியர், ஒரு பெயர், ஓயாத சர்ச்சை
'ஆகாசவாணி' பிறந்த மைசூருவில் மறக்கப்பட்ட வானொலி வரலாறு

மைசூரு: யாதவகிரிப் பகுதியில் உள்ள வானொலி நிலையத்தைக் கடந்து செல்வோர், அந்நிலையத்தின் முகப்பில் உள்ள 'ஆகாசவாணி' என்ற பெயரை அன்றாடம் பார்க்கின்றனர். தமிழகத்தில் பலமுறை எதிர்ப்பைச் சந்தித்த அந்தப் பெயர் பிறந்தது தில்லியில் அல்ல என்பதைப் பலர் அறிந்திருக்க நியாயமில்லை. அது பிறந்தது இதே நிலையத்திலிருந்து சில நூறு அடி தொலைவில் இருந்த ஒரு பேராசிரியரின் இல்லத்தில்.

அவர் டாக்டர் எம்.வி. கோபாலசுவாமி. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர். மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்ட அவர், அரசியல் மேடை ஏறியவர் அல்லர். மொழிப் போராட்டம் எதிலும் கலந்துகொண்டவரும் அல்லர். ஆயினும், அவர் நடத்திய வானொலியின் பெயர் நாடாளுமன்றம் வரை சர்ச்சைக்குரியதாகிவிட்டது. பெயரை ஆதரிப்போரும் சரி, எதிர்ப்போரும் சரி, பெயருக்குரியவரை நினைவுகூர்வது அபூர்வம்.

வீட்டிலிருந்து ஒலித்த குரல்

லண்டன் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற உளவியல் அறிஞர் சார்லஸ் ஸ்பியர்மனிடம் ஆய்வு செய்து டாக்டர் பட்டம் பெற்றவர் கோபாலசுவாமி. தாயகம் திரும்பிய அவர், 1924இல் மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்ததாக அமைந்த உளவியல் துறை அதுதான்.

1935 செப்டம்பர் 10ஆம் தேதி, 'விட்டல் விஹார்' என்ற தமது இல்லத்தில் 30 வாட் திறன் கொண்ட ஒலிபரப்புக் கருவியை நிறுவி, வானொலி நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். பழைய காலத்து 40 வாட் மின்விளக்கு ஒன்றை எரிக்கக்கூடப் போதாத திறன் அது. அந்தச் சிறிய கருவியின் வாயிலாக இசையும் சொற்பொழிவும் கவிதையும் மைசூர் மக்களின் வீடுகளை எட்டின. பின்னாளில் கன்னடத்தின் தேசியக் கவியாகப் போற்றப்பட்ட குவெம்பு அங்கு கவிதை வாசித்தது இன்றும் மைசூரில் பெருமையுடன் நினைவுகூரப்படுகிறது.

அந்த நிலையத்துக்குச் சூட்டப்பட்ட பெயர்தான் 'ஆகாசவாணி'. பெயரைத் தேர்ந்தவர் கோபாலசுவாமி என்பது பரவலான கருத்து. அவருடன் வானொலிப் பணியில் ஈடுபட்டிருந்த எழுத்தாளர் நா. கஸ்தூரியே அதை முன்மொழிந்தவர் என்ற கூற்றும் உண்டு. கஸ்தூரி கேரளத்தின் திருப்பூணித்துறையில் பிறந்து, மைசூரில் ஆசிரியராகி, கன்னடத்தில் நகைச்சுவை எழுத்தாளராகப் பெயர் பெற்றவர். பெயர் இருவரில் யாருடையதாயினும், அதைச் சூட்டும்படி எந்த அரசும் அவர்களுக்கு ஆணையிடவில்லை.

சட்டமும் சமஸ்தானமும்

அக்காலத்தில் ஒரு தனிமனிதர் வானொலி நடத்துவது எளிதான செயலன்று. பிரிட்டிஷ் இந்தியாவில் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நடைமுறையில் இருந்தன. உரிமம் இன்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதே குற்றம். மைசூரோ நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், மிர்சா இஸ்மாயில் திவானாக இருந்த தனி சமஸ்தானம். புதிய முயற்சிகளுக்கு அங்கு இடம் இருந்தது.

வானொலியில் சென்னைக்கும் முன்னோடி வரலாறு உண்டு. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. பணமுடையால் 1927இல் அது நின்றுபோனபின், சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தானே நடத்தத் தொடங்கியது. அதாவது, தென்னகத்தின் தொடக்ககால வானொலி என்பது ஒரு கழகமும், ஒரு மாநகராட்சியும், ஒரு பேராசிரியரும் நடத்தியது. தில்லிக்கு அதில் நேரடிப் பங்கு ஏதுமில்லை.

கோபாலசுவாமி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தமது பொறுப்பிலேயே நிலையத்தை நடத்தினார். செலவு மீறிய நிலையில் நகராட்சியின் உதவி கிடைத்தது. 1942இல் மைசூர் சமஸ்தான அரசு நிலையத்தை ஏற்றுக்கொண்டது. சுதந்திரத்துக்குப் பின் 1950இல் பிற சமஸ்தான வானொலிகளைப் போலவே இதுவும் மத்திய அரசின் அகில இந்திய வானொலியுடன் இணைக்கப்பட்டது. 1955இல் பெங்களூரில் நிலையம் அமைந்தபோது மைசூர் ஒலிபரப்பு அங்கு மாற்றப்பட்டது. 1974இல்தான் மைசூருக்கு மீண்டும் நிலையம் கிடைத்தது.

தில்லிக்குச் சென்ற பெயர்

மைசூரில் பேராசிரியர் வானொலியைத் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், 1935 ஆகஸ்ட் இறுதியில், பி.பி.சி.யைச் சேர்ந்த லயனல் ஃபீல்டன் இந்திய அரசின் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டாளராகப் பொறுப்பேற்க வந்து சேர்ந்தார். 'இந்திய அரசு ஒலிபரப்புப் பணி' என்றிருந்த பெயர், அவரது முயற்சியால் 1936 ஜூன் 8ஆம் தேதி 'ஆல் இந்தியா ரேடியோ' என மாறியது.

இந்த ஆங்கிலப் பெயரை அரசே எல்லா மொழிகளிலும் திணித்துவிடவில்லை. நிகழ்ச்சி விவரங்களை வெளியிட அது நடத்திய இதழ்களின் பெயர்களே இதற்குச் சான்று. ஆங்கிலத்தில் 'இந்தியன் லிஸனர்', உருதுவில் 'ஆவாஸ்', வங்காளத்தில் 'பேதார் ஜகத்', தமிழில் 'வானொலி'. ஒவ்வொரு மொழிக்கும் அதற்குரிய சொல். தமிழர்கள் பிற்காலத்தில் வாதாடிக் கேட்ட 'வானொலி' என்ற சொல், வெள்ளையர் ஆட்சியிலேயே அரசு இதழின் தலைப்பாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

சுதந்திர இந்தியாவில் நிலைமை மாறியது. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத்துறை அமைச்சராக இருந்தபோது, 1957இல் அகில இந்திய வானொலிக்கு 'ஆகாசவாணி' என்ற பெயர் அதிகாரப்பூர்வமாக வந்து சேர்ந்தது. வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமளிக்க மறுத்து, நேயர்களை இலங்கை வானொலியின் பக்கம் திருப்பிவிட்டவர் என்று விமர்சிக்கப்பட்டவர் கேஸ்கர். மக்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதை அரசே தீர்மானித்த காலத்தில்தான், தாம் கேட்கும் வானொலியை மக்கள் எப்படி அழைக்க வேண்டும் என்பதும் தீர்மானிக்கப்பட்டது.

வங்காளத்தில் இப்பெயர் மனமுவந்து ஏற்கப்பட்டது. கல்கத்தா சிற்றலை ஒலிபரப்பையொட்டி ரவீந்திரநாத் தாகூர் எழுதிய கவிதை அச்சொல்லுக்குத் தனி மதிப்பைத் தந்திருந்தது. கன்னடத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் அது இயல்பாகப் புழங்கியது. தமிழகத்தில் மட்டும் அது உறுத்தலாகவே நீடித்தது.

உறுத்தியது சொல்லா, ஆணையா?

இதற்கான காரணத்தைத் தமிழக அரசியல் வரலாற்றில்தான் தேட வேண்டும். அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967 ஜூலை 18ஆம் தேதி மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் தீர்மானம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பெயர் என்பது வெறும் அடையாளக் குறி அல்ல, உரிமையின் வெளிப்பாடு என்று கருதும் அரசியல் அங்கு வேரூன்றியது. 'வானொலி' என்ற எளிய சொல் பாமரர் நாவிலும் புழங்கிய மாநிலத்தில், வடமொழிப் பெயர் ஒன்று தில்லியின் ஆணையாக வந்ததை ஐயத்துடனேயே பார்த்தனர்.

இதற்கு மறுபக்கமும் இல்லாமல் இல்லை. தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி, 2022 ஆகஸ்ட் 13ஆம் தேதி மும்பையில் தமது 87ஆவது வயதில் காலமானார். அவருக்குப் புகழாரம் சூட்டிய நேயர்கள் பலரும் நினைவுகூர்ந்தது, 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது...' என்று தொடங்கும் அவரது கம்பீரக் குரலையே. எதிர்க்கப்பட்ட அதே சொல் தமிழர் செவிகளில் இனிய நினைவாகவும் பதிந்திருந்தது. ஆகவே, சிக்கல் சொல்லின் ஓசையில் இல்லை. அது விருப்பமாக வந்ததா, கட்டாயமாக வந்ததா என்பதில்தான் இருக்கிறது.

2023இல் மீண்டும் எழுந்த புயல்

2023 மே மாதத் தொடக்கத்தில், ஒலிபரப்புகளில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரைக் கைவிட்டு 'ஆகாசவாணி' என்று மட்டுமே குறிப்பிட வேண்டும் என்று வானொலித் தலைமை இயக்ககம் உத்தரவிட்டது. இது புதிய முடிவல்ல, 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டத்திலேயே உள்ளதுதான் என்று விளக்கமும் தரப்பட்டது. 1997இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் வானொலியை 'ஆகாசவாணி' என்றே வரையறுக்கிறது.

தமிழகத்தில் உடனடியாக எதிர்ப்பு எழுந்தது. தி.மு.க. நாடாளுமன்றக் குழுத் தலைவர் டி.ஆர். பாலு, அன்றைய தகவல் ஒலிபரப்புத்துறை அமைச்சர் அனுராக் தாக்கூருக்குக் கடிதம் எழுதினார். பா.ம.க. நிறுவனர் ராமதாஸும் கண்டனம் தெரிவித்தார். ஆங்கிலேயர் வைத்த பெயரைவிட இந்தியப் பெயரே மேலானது என்பது ஆதரவாளர்களின் வாதம். தமிழில் வழங்கும் சொல்லுக்கு என்ன இடம் என்பது எதிர்ப்பாளர்களின் கேள்வி. இரு தரப்பின் வாதங்களிலும் மைசூர்ப் பேராசிரியருக்கு இடமில்லாமல் போனது.

மறந்துபோன பிரிவு

அவரை நினைவுகூர்ந்திருந்தால் விவாதம் வேறு திசையில் சென்றிருக்கக்கூடும். ஏனெனில், கோபாலசுவாமியின் முயற்சி எழுப்பும் உண்மையான கேள்வி, வானொலியின் பெயர் என்ன என்பதல்ல. வானலைகளில் பேசும் உரிமை யாருக்கு என்பதே.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருந்தது. ஒலிபரப்பு தொடர்பான பணிகளை மாகாண அரசுகளுக்கும் கூட்டாட்சியில் சேரும் சமஸ்தானங்களுக்கும் ஒப்படைக்க மத்திய அரசு நியாயமின்றி மறுக்கலாகாது என்று அதன் 129ஆவது பிரிவு கூறியது. சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தில் அத்தகைய பிரிவு இடம்பெறவில்லை. ஒலிபரப்பு மத்தியப் பட்டியலின் 31ஆவது இனமாக மட்டும் வைக்கப்பட்டது.

வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9ஆம் தேதி தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2001இல் தனியார் பண்பலை வந்தது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வளாக வானொலி தொடங்கியது. ஆயினும், மாநில அரசுகளுக்குக் கதவு திறக்கவில்லை. மாநில அரசுகள் நேரடியாக ஒலிபரப்பில் ஈடுபடக்கூடாது, ஏற்கெனவே ஈடுபட்டிருப்பவை 2023 இறுதிக்குள் விலக வேண்டும் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவுறுத்தியது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சியும் அரசு கேபிள் நிறுவனமும் இதனால் பாதிக்கப்படுமோ என்ற கவலை அப்போது எழுந்தது. 1942இல் மைசூர் சமஸ்தானம் செய்ததை, இன்று மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு மாநில அரசு செய்ய இயலாது என்பதே இதன் பொருள்.

தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதியில்லை; அரசு வானொலியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து வழங்கலாம், அவ்வளவே. மணிக்குப் பத்து நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்தது. சமுதாய வானொலிக்கும் செய்தியில் இதே கட்டுப்பாடு உண்டு. அதற்கு 100 வாட் வரை திறன் அனுமதிக்கப்படுகிறது. கோபாலசுவாமியின் கருவியைப் போல மூன்று மடங்கு. ஆனால், தனிநபர் எவரும் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகம் கேட்கலாம், அதன் பேராசிரியர் தம் வீட்டுக்காகக் கேட்க இயலாது.

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் ஒருவர் தம் வீட்டு வானொலிக்குச் சூட்டிய பெயர், இன்று ஆணையின் பெயரால் நாடெங்கும் ஒலிக்கிறது. அப்பெயரைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்ற விவாதம் தொடரட்டும். அதைவிட முதன்மையானது, அவர் அன்று பயன்படுத்திக்கொண்ட சுதந்திரம் இன்று யாருக்கு உண்டு என்ற கேள்வி. அதை நாடாளுமன்றத்தில் எழுப்புவதே அந்தப் பேராசிரியருக்குச் செலுத்தும் உரிய அஞ்சலியாக இருக்கும்.