கண் சொல்லும் சாட்சி

தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் படிக்க முடியவில்லை, கவனம் நிற்கவில்லை. நிஜமா, நடிப்பா என்ற கேள்விக்கு விழிகளின் அசைவில் விடை தேடுகிறது மருத்துவம்.

2019 ஆகஸ்ட் 17, லார்ட்ஸ் மைதானம். ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. சுருண்டு விழுந்தவர் உள்ளே போனார். டாக்டர்களின் சோதனைகளில் தேறினார். சிறிது நேரத்தில் மீண்டும் பேட் பிடித்தார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தலைகாட்டின. அவருக்குப் பதிலாக இறங்கிய மார்னஸ் லாபுஷேன், மூளை அதிர்ச்சிக்காக டெஸ்ட் ஆட்டத்தில் களமிறங்கிய முதல் மாற்று ஆட்டக்காரர் ஆனார்.

2020 டிசம்பரில் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டபோது மாற்றாக வந்தவர் சாஹல். அவர் 3 விக்கெட் எடுக்க, இந்தியா வென்றது. மாற்று நியாயமா என்று ஒரே சர்ச்சை. கண்ணுக்குத் தெரியாத காயத்தில் இதுதான் சிக்கல்.

ஆட்டக்காரர்களுக்காவது பக்கத்திலேயே டாக்டர்கள் இருக்கிறார்கள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட குமாஸ்தாவுக்கு? 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். பிழைத்தவர்களில் பலர் "சி.டி. ஸ்கேன் நார்மல்" என்ற நல்ல சேதியோடு வீடு திரும்புகிறார்கள். ஆபீசில் நாலு வரி படித்தால் எழுத்துகள் மிதக்கின்றன, கூட்டல் தப்புகிறது, சொன்னது மறக்கிறது. "வேலைக்கு வர மனசில்லை" என்று முணுமுணுக்கிறார்கள் சக ஊழியர்கள்.

ஸ்கேன் பொய் சொல்லவில்லை. ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான் அது காட்டும். மூளை அதிர்ச்சியில் பழுதாவது நரம்பிழைகளின் செயல்பாடு. இழைகள் இழுபட்டு, செய்திப் போக்குவரத்து தடுமாறுகிறது.

கண் இங்கேதான் உதவிக்கு வருகிறது. ஒரு விழியை அசைப்பவை 6 தசைகள். அவற்றை ஆட்டுவிப்பதோ மூளையின் முன்மடல், பக்கமடல், சிறுமூளை, மூளைத்தண்டு என்று பரந்து கிடக்கும் ஒரு வலைப்பின்னல். எங்கே இழை பழுதானாலும் விழியின் ஓட்டத்தில் அது தெரிய வாய்ப்புண்டு. படிக்கும்போது விழி வழுக்கிக்கொண்டு போவதில்லை. சொல்லுக்குச் சொல் தாவுகிறது. தாவல் பிசகினால் வரி தவறுகிறது. பேனா முனையை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தால், பொதுவாக 5 சென்டிமீட்டர் வரையாவது அது ஒன்றாகவே தெரிய வேண்டும். அடிபட்ட பலருக்கு அதற்கு வெகு முன்பே இரண்டாகிவிடுகிறது.

இன்னும் சுவாரஸ்யமானது 'எதிர்ப்பக்கத் தாவல்' சோதனை. வலப்பக்கம் ஒளி மின்னினால் இடப்பக்கம் பார்க்க வேண்டும். மின்னும் பக்கமே ஓடத் துடிக்கும் கண்ணை அடக்குவது முன்மடலின் வேலை. இதில் தோற்பவருக்கு ஆபீஸ் இரைச்சலில் கவனத்தை நிறுத்துவதும் கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

'நடிப்பு' என்ற குற்றச்சாட்டுக்கு வலுவான பதில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்தது. மார்க்கஸ் ஹைட்கரும் சகாக்களும், தொல்லை நீடித்தவர்களையும் நன்றாகக் குணமானவர்களையும் ஒப்பிட்டு 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். தொல்லை நீடித்தவர்களின் விழி அசைவுகள் மோசமாக இருந்தன. மனச்சோர்வோ, பாசாங்கோ, அறிவுத்திறனோ மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். மில்லிசெகண்ட் கணக்கில் நிகழும் தாவலை நடித்துக் காட்டுவது எளிதா என்ன?

கருவிகளும் வந்துவிட்டன. ஒரு வீடியோவைப் பார்க்கவைத்து விழிகளைப் பதிவு செய்யும் 'ஐபாக்ஸ்' கருவிக்கு 2018 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. அட்டைகளில் உள்ள எண்களை வேகமாக வாசிக்கச் சொல்லும் கிங்-டெவிக் சோதனை இன்னும் எளிது. ஆனால் அடிபடுவதற்கு முன் அதே நபர் எடுத்துக்கொண்ட நேரம் தெரிந்திருந்தால்தான் அதற்கு முழு மதிப்பு. ஆட்டக்காரருக்கு அது சாத்தியம், குமாஸ்தாவுக்கு இல்லை. களைப்பும் தூக்கமின்மையும்கூடத் தாவலைக் கெடுக்கும் என்பதால், எந்த ஒரு சோதனையும் தனியாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. டாக்டர் கேட்டறியும் விவரங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக் கிடக்கும் பழைய வைத்தியம் வழக்கொழிந்துவிட்டது. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு தொல்லை கூடாத அளவில் நடை, சிறிது வாசிப்பு என்பதே இப்போதைய முறை. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்குக் கண் பயிற்சியும், தலையை அசைத்தபடி பார்வையை நிலைநிறுத்தும் பயிற்சியும் தரப்படுகின்றன. அடுத்தடுத்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, மயக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.