வானவீதியில் மனிதனும் யந்திரமும்

தரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்க்கு ஆகாயம் எல்லையற்ற வெளியாகவே தோன்றும். விமானியோ அதனை வேறு விதமாக அறிவார். கண்ணுக்குப் புலப்படாத சாலைகளும், அவை கூடும் சந்திப்புகளும், மேலும் கீழுமாக அடுக்கப்பெற்ற தளங்களும் கொண்ட ஒரு மாநகரைப் போன்றது அது. இச்சாலைகளில் எந்த விமானமும் நின்று வழிவிட இயலாது. பறந்துகொண்டே இருந்தாக வேண்டும். ஆகவே எந்த விமானம் எந்த உயரத்தில், எந்தத் திசையில், எப்பொழுது செல்ல வேண்டும் என்பதைத் தரையில் அமர்ந்துள்ள கட்டுப்பாட்டு அதிகாரி ரேடியோ மூலம் இடையறாது கூறிவருகிறார்.

விமானங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, ஓர் அதிகாரி தம் மனத்தில் ஒரே சமயத்தில் வைத்திருக்க வேண்டிய விவரங்களும் பெருகுகின்றன. இச்சுமையில் ஒரு பகுதியைக் கணிப்பொறிகளிடம் ஒப்படைப்பது தவிர்க்க முடியாததாகிவிட்டது. ஆயினும் எவ்வேலையை யந்திரத்திடம் விடுவது, எதனை மனிதனிடம் வைத்துக்கொள்வது, இரண்டும் முரண்படும்போது எதன் சொல் நிற்பது என்னும் வினாக்கள் எளியவை அல்ல. இவற்றுக்கு விடை காண்பதே இத்துறை ஆராய்ச்சியின் முதற் கடமை என்பதைக் கடந்த கால விபத்துகள் தெளிவாகக் காட்டுகின்றன.

சில விநாடிகளின் கணக்கு

ரேடார் கண்காணிப்பில் நெடுவழி செல்லும் இரு விமானங்கள் ஒரே உயரத்தில் இருப்பின், அவற்றினிடையே பொதுவாக 5 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 9¼ கிலோமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். அவ்வளவு இடைவெளி இல்லையெனில், ஒன்றுக்கொன்று 1,000 அடியேனும் உயர வேறுபாடு வேண்டும். 29,000 அடிக்கு மேல் முன்னர் 2,000 அடி வேறுபாடு கட்டாயமாக இருந்தது. உயரமானிகள் நுட்பமடைந்தபின், 41,000 அடி வரை அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. இந்தியாவில் இம்முறை 2003-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

இந்த 9¼ கிலோமீட்டர் பெருந்தொலைவு போலத் தோன்றலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரு விமானங்கள் எதிரெதிராக வந்தால், ஒவ்வொரு விநாடியும் அவற்றின் இடைவெளி அரை கிலோமீட்டர் குறையும். அந்தத் தொலைவு முழுவதும் 19 விநாடிகளுக்குள் தீர்ந்துவிடும். அபாயம் நேர்ந்தபின் அதனை உணர்ந்து, பேசி, திருப்புவதற்கு இப்பொழுது போதாது. பல நிமிஷங்களுக்கு முன்னரே முரண்பாட்டைக் கண்டறிதல் வேண்டும்.

சர்க்கி தாத்ரி

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மாலை, ஹரியானா மாநிலத்துச் சர்க்கி தாத்ரிக்கு அருகே, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங்-747 விமானமும், தில்லியை நோக்கி இறங்கிவந்த கஜகஸ்தான் நாட்டு இல்யூஷின்-76 விமானமும் மோதிக்கொண்டன. இரண்டிலும் இருந்த 349 பேரும் மாண்டனர். நடுவானில் நிகழ்ந்த மோதல்களில் இதனினும் கொடியது இன்றுவரை இல்லை.

சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் வகுக்கப்பட்டிருந்தன. கஜகஸ்தான் விமானம் தனக்குரிய உயரத்தினும் கீழே இறங்கியதே மோதலுக்குக் காரணம் என நீதிபதி லகோட்டி தலைமையிலான விசாரணைக் குழு கண்டது. வருகின்ற விமானங்களும் செல்கின்ற விமானங்களும் அந்நாளில் ஒரே வான்பாதையைப் பயன்படுத்தின. அப்போது பயன்பாட்டில் இருந்த ரேடார் விமானம் எங்கே உள்ளது என்பதைக் காட்டியதேயன்றி, எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் காட்டவில்லை. எனவே விமானி கூறிய உயரத்தை அவ்வாறே ஏற்பதன்றி அதிகாரிக்கு வேறு வழியில்லை.

இக்குறைகளை நீக்கும் கருவிகள் பின்னர் வந்தன. இரண்டாம் வகை ரேடார் விமானத்தை நோக்கி வினவும். விமானத்திலுள்ள கருவி தன் அடையாளத்தையும் உயரத்தையும் தானே விடையாக அனுப்பும். வரும் பாதையும் செல்லும் பாதையும் பிரிக்கப்பட்டன. டீகாஸ் எனப்படும் மோதல் தவிர்ப்புக் கருவியும் இந்திய வானில் பறக்கும் பயணி விமானங்களுக்குக் கட்டாயமாயிற்று. இக்கருவி தரையின் உதவியின்றியே அருகிலுள்ள விமானங்களைக் கண்டறியும். மோதல் நெருங்கினால், ஒரு விமானியை ஏறவும் மற்றவரை இறங்கவும் குரல் மூலம் பணிக்கும்.

இரண்டு குரல்கள்

கருவி வந்ததோடு கவலை தீர்ந்ததா? 2002-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கருகே, ரஷ்யாவின் டுப்போலெவ்-154 பயணி விமானமும் ஒரு போயிங்-757 சரக்கு விமானமும் ஒரே உயரத்தில் நெருங்கின. இரண்டிலும் டீகாஸ் கருவி பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்தது. அவ்வானப் பகுதியை ஸூரிக் நகரிலிருந்து கண்காணித்த நிலையத்தில், அச்சமயம் ஒரே அதிகாரி இரண்டு இடங்களின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலை காரணமாக அவருடைய உதவிக் கருவிகள் சில நிறுத்தப்பட்டிருந்தன. தொலைபேசித் தொடர்பும் குறைந்திருந்தது.

அபாயத்தைக் கடைசி நேரத்தில் கண்ட அதிகாரி, ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அவ்விமானத்தின் கருவியோ ஏறச் சொன்னது. போயிங்கின் கருவி அதனை இறங்கச் சொல்லியிருந்தது. ரஷ்ய விமானி மனிதக் குரலுக்குச் செவிசாய்த்தார். போயிங் விமானி யந்திரத்தின் குரலுக்குச் செவிசாய்த்தார். இரண்டும் சேர்ந்து இறங்கி மோதின. பள்ளிச் சிறுவர் பலர் உட்பட 71 பேர் உயிரிழந்தனர்.

யந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்தது. விமானங்களைப் பிரிக்க வேண்டும் என்னும் அதிகாரியின் கருத்தும் தவறன்று. யந்திரம் கூறியது இன்னதென அவருக்குத் தெரியாது. அவர் கூறியது யந்திரத்துக்குத் தெரியாது. யார் சொல் மேலானது என்பது எல்லா நாட்டினர்க்கும் ஐயமற வகுக்கப்பட்டிருக்கவும் இல்லை. இவ்விபத்துக்குப் பின்னரே, டீகாஸ் ஆணையிட்டால் அதிகாரியின் சொல்லுக்கு மாறாக இருப்பினும் அதனையே பின்பற்றுக என்னும் விதி உலகெங்கும் தெளிவுபடுத்தப்பட்டது.

யந்திரம் நின்றுவிட்டால்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் பிரிட்டனில் வேறுவகை இடர் நேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பாரிஸ் செல்லும் ஒரு விமானத்தின் பயணத் திட்டம் கணிப்பொறிக்கு வந்தது. அதில் இரண்டு இடங்கள் ஒரே மூன்றெழுத்துக் குறியைப் பெற்றிருந்தன: ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்ஸின் டோவில். விமானம் பிரிட்டிஷ் வானை விட்டு வெளியேறும் இடத்தைக் கணிக்க இயலாத யந்திரம், தவறான விவரத்தை வெளியிடுவதைக் காட்டிலும் நின்றுவிடுவதே நலம் எனத் தானே நின்றுவிட்டது. உடனே வேலையை ஏற்ற மாற்று யந்திரமும் அதே திட்டத்தைப் படித்து அவ்வாறே நின்றது. இவை யாவும் 20 விநாடிகளுக்குள் முடிந்தன. உயிர்ச்சேதம் ஏதுமில்லை, ஆயினும் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் அல்லலுற்றனர். முதல் யந்திரத்தைப் போலவே சிந்திக்கும் மாற்று யந்திரம், இத்தகைய இடையூற்றில் மாற்று ஆகாது என்பதே இதன் படிப்பினை.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் தில்லி விமான நிலையத்திலும் இத்தகைய ஒரு நிலை தோன்றியது. பயணத் திட்டங்களை உரிய இடங்களுக்கு அனுப்பும் செய்திப் பரிமாற்ற அமைப்பு பழுதுற்றமையால், அவ்வேலையை அதிகாரிகள் கையால் செய்ய வேண்டியதாயிற்று. 800-க்கு மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. யந்திரம் செய்துவந்த வேலையை மீண்டும் ஏற்கும் பயிற்சியும் ஆள்பலமும் எக்காலத்தும் தயாராக இருத்தல் வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஆராய்ச்சி வேண்டப்படும் துறைகள்

முதலாவது, பாதை முன்கணிப்பு. இன்னும் 20 நிமிஷங்களில் ஒரு விமானம் எங்கே இருக்கும் என்பது காற்றின் வேகம், விமானத்தின் எடை, அது ஏறும் விதம் ஆகியவற்றைப் பொறுத்தது. பருவமழைக் காலத்தில் இடிமேகங்களைச் சுற்றிச் செல்லும் விமானங்கள் வகுத்த பாதையை விட்டு விலகும். இத்தகைய சமயங்களில் யந்திரம் கணிப்பைக் கூறுவதோடு, அக்கணிப்பு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் கூறவேண்டும்.

இரண்டாவது, எச்சரிக்கையின் தரம். வேண்டாத போதெல்லாம் ஒலிக்கும் மணியை எவரும் நாளடைவில் பொருட்படுத்தார். டீகாஸ் கருவிக்கு அடுத்த தலைமுறையாக உருவாக்கப்பட்டுள்ள முறை, நிகழக்கூடிய பலவற்றின் வாய்ப்புகளை எடைபோட்டு ஆணையிடுவது. வேண்டாத எச்சரிக்கைகளைக் குறைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

மூன்றாவது, நிரல்களைச் சோதித்தல். எதிர்பாராத ஒரு விவரம் வந்தால், அதனை மட்டும் ஒதுக்கிவைத்து மனிதனிடம் காட்டிவிட்டு, மற்ற வேலைகளைத் தொடரும் அமைப்பே விரும்பத்தக்கது. மாற்று யந்திரம் வேறு முறையில் அமைந்ததாக இருத்தல் நன்று.

நான்காவது, இருப்பிடத் தகவலின் நம்பகம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ககன் அமைப்பு, செயற்கைக்கோள் தகவல்களைத் திருத்தி நுட்பமாக்குகிறது. 2022-ஆம் ஆண்டு ராஜஸ்தானிலுள்ள கிஷன்கட்டில் ஒரு பயணி விமானம் இதன் துணையால் தரையிறங்கியது. எனினும் செயற்கைக்கோள் சைகைகள் வலுக்குறைந்தவை. போலிச் சைகைகளால் அவற்றை ஏமாற்ற இயலும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில், 465 இடையூறுகள் பதிவானதாக நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. எனவே தரையிலுள்ள பழைய ரேடியோ வழிகாட்டிகளைப் பேணுவதும், போலியைக் கண்டறியும் முறைகளை ஆராய்வதும் இன்றியமையாதவை.

ஐந்தாவது, மனிதன். எல்லாவற்றிலும் அவசரமானது இதுவே. யந்திரம் நாள்தோறும் செம்மையாக இயங்கும்போது, மனிதன் வெறும் பார்வையாளனாகிறான். பார்த்துக்கொண்டே இருப்பவனின் கவனம் சோர்வடையும். செய்யாத தொழில் கைக்கு மறந்துபோகும். ஆனால் இடர் வரும் விநாடியில் முழுத் திறமையும் அவனிடம் எதிர்பார்க்கப்படுகிறது. எத்தனை மணி நேரப் பணிக்கு எவ்வளவு ஓய்வு, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை யந்திரமின்றிப் பயிற்சி, யந்திரம் தன் முடிவுக்கான காரணத்தை எவ்விதம் விளக்க வேண்டும் என்பவை உளநூலாரும் பொறியியலாரும் கூடி ஆராய வேண்டியவை.

களத்திலும் வகுப்பறையிலும்

இப்பெரும் அமைப்பின் வேர் சிறு அளவைகளில் உள்ளது. விமான நிலையத்தை நெருங்கி இறங்கும் விமானி, அங்குள்ள வானிலை நிலையம் அறிவிக்கும் காற்றழுத்தத்தைக் கொண்டே தம் உயரமானியைத் திருத்திக்கொள்கிறார். தரைமட்டத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் பிழை ஏறக்குறைய 8 மீட்டர் உயரப் பிழையாகும். 10 ஹெக்டோபாஸ்கல் பிழை 80 மீட்டரைத் தாண்டும். பலூனை விடுத்து மேற்காற்றை அளக்கும் பணியாளரின் குறிப்புகளும் பாதை முன்கணிப்புக்கு உதவுகின்றன. தவறான எண்ணை யந்திரம் சரியான எண்ணைப் போலவே ஏற்றுக்கொள்ளும் என்பதைக் களப் பணியாளர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆசிரியர்கள் 19 விநாடிக் கணக்கை மாணாக்கரைக் கொண்டு செய்விக்கலாம். பின்னர், ஒரு விமானம் 900 கிலோமீட்டர் வேகத்திலும் அதன் பின்னால் வருவது 960 கிலோமீட்டர் வேகத்திலும் செல்வதாகக் கொண்டு, அதே இடைவெளி தீர எத்தனை நிமிஷம் ஆகும் எனக் கேட்கலாம். விடை 9 நிமிஷங்களுக்குச் சற்று மேல் வரும். எதிரெதிரே வருவதற்கும் பின்தொடர்வதற்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து, எவ்வேலைக்கு மனிதச் சிந்தனைக்குப் போதிய அவகாசம் உண்டு, எவ்வேலையை யந்திரத்திடமே விடவேண்டும் என்பதை மாணாக்கர் தாமே உய்த்துணர்வர். அவ்வெல்லையைப் பிழையின்றி வகுப்பதில்தான் வானில் பறக்கும் பல்லாயிரம் பேரின் பாதுகாப்பு அடங்கியுள்ளது.