பல் பிடுங்கிய புண்ணுக்கு ஏற்ற கைமருந்து

பங்குனி, சித்திரை மாதங்களில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் வேலை மும்முரமாக இருக்கும். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரத்தில் அந்த நாட்களில் ஒரு நாள் கூலியை இழப்பதும் கஷ்டமே. எனவே பல் பிடுங்கிக் கொண்டவர்களும் மறுநாளே தோப்புக்குப் போய்விடுகிறார்கள். வலி எடுத்தால் சொத்தைப் பல்லுக்கு வைக்கும் கைமருந்தையே புண்ணிலும் வைக்கிறார்கள். இது சரியல்ல. சொத்தைப் பல் வலி வேறு, பல் பிடுங்கிய புண்ணின் வலி வேறு.

பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல் நிற்கும். நாற்றங்கால் விதையை வைக்கோல் மூடாக்கு காப்பதுபோல, அடியிலுள்ள எலும்பையும் நரம்பையும் இந்த உறைவு காக்கிறது. இது பெயர்ந்துவிட்டால் 2 முதல் 4 நாட்களுக்குள் காது வரை தெறிக்கும் வலி வரும், வாய் நாறும். புகைபிடிப்போருக்கும் புகையிலை போடுவோருக்கும் இந்த அபாயம் அதிகம்.

முதல் நாள்

முதல் 24 மணி நேரம் எந்த மூலிகையும் வேண்டாம். மருத்துவர் வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடித்திருக்க வேண்டும். வாய் கொப்பளிக்கவோ, அடிக்கடி துப்பவோ கூடாது. இளநீரை உறிஞ்சு குழல் இல்லாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். ஆறிய கேழ்வரகுக் கூழ், மோர் நல்லது. கூழில் நொய் கலக்க வேண்டாம். குனிந்து மூட்டை தூக்கினால் மீண்டும் ரத்தம் கசியலாம்.

மறுநாள் முதல்

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை தேக்கரண்டி உப்பைக் கரைத்து, நாளைக்கு நான்கைந்து முறை வாயில் மெதுவாக வைத்திருந்து விடவும். இதுவே முதன்மையான மருந்து. இத்துடன் ஐந்தாறு கொய்யாக் கொழுந்தை நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறியபின் கொப்பளிக்கலாம். கருவேலம் பட்டைக் கஷாயமும் இதே முறையில் பயன்படும். இரண்டிலும் உள்ள துவர்ப்புச் சத்து ஈறுக்கு நல்லது. ஆனால் வேலியோரம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலம் வேறு மரம். அதன் பட்டையை எடுத்துவிட வேண்டாம்.

கிராம்பில் உள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பை மரத்துப்போகச் செய்யும். பல் மருத்துவர்கள் குழியில் வைக்கும் மருந்துகள் சிலவற்றிலும் இது உண்டு. ஆனால் அவர்கள் அளவறிந்து வைக்கிறார்கள். வீட்டில் கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். மஞ்சள் தூளையும் குழியில் திணிக்கக் கூடாது; பாலில் கலந்து குடிக்கலாம்.

வைக்கக் கூடாதவை

எருக்கம்பால், புகையிலை, சுண்ணாம்பு ஆகியவற்றைப் புண்ணில் வைக்கவே கூடாது. முந்திரிக் கொட்டை ஓட்டிலுள்ள எண்ணெய் கைத்தோலையே கொப்பளமாக்கக் கூடியது. கொட்டை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயில் விடாதீர்கள். வேப்பங்குச்சியால் பல் துலக்கும்போது புண் ஆறும்வரை அந்தப் பக்கத்தை விட்டுவிடவும்.

மூலிகை துணை மருந்து மட்டுமே. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது. கடையில் தாமாகவே ஆஸ்பிரின் வாங்கிப் போட்டால் ரத்தப்போக்கு கூடலாம். சர்க்கரை நோய், இருதய நோய்க்கு மருந்து சாப்பிடுவோர் அதைப் பல் பிடுங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ரத்தம் நிற்காமை, காய்ச்சல், தாடைக்கடியில் வீக்கம், விழுங்கச் சிரமம், மூன்றாம் நாளில் வலி கூடுதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று கண்டாலும் ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனைக்கோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே போய்விட வேண்டும். ஒரு நாள் கூலியைப் பார்த்துத் தள்ளிப்போட்டால் ஒரு வாரக் கூலி போய்விடும்.